நான்காம் பக்கத்துப் பெயர்கள்

எங்கள் கல்லூரிச் செய்திமடலுக்கு நான்கு பக்கம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் வருகிற நான்கு பக்கம்தான். முதல் பக்கத்தில் விழா, உள்பக்கங்களில் துறைகளும் மாணவர்களும், கடைசிப் பக்கத்தில் ‘பணியாளர் செய்திகள்’. மடல் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் திருப்புவது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். யார் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், யார் வேறு கல்லூரிக்குப் போகிறார், யாருக்கு வைவா முடிந்தது, யார் வீட்டில் கல்யாணம், யாருடைய அப்பா தவறிப்போனார். தமிழ்த்துறையில் நான் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்படி முதல்வர் சொன்னார். தமிழ் படித்தவள் பிழையில்லாமல் எழுதுவாள் என்று அவருக்கு நம்பிக்கை. பணி நிறைவு பெறும்வரை அந்தப் பக்கத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கயத்தாறு. அங்கிருந்து கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்தேன். வழியில் இடைசெவல், நாலாட்டின்புதூர். சாலைக்கு இரண்டு பக்கமும் கரிசல். இந்த வட்டாரத்துக்குக் கல்லூரிகள் காலம் தாழ்ந்துதான் வந்தன. கோவில்பட்டியில் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1960களில் வந்தது. நேஷனல் பொறியியல் கல்லூரி 1984-இல் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறை படிக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்த் தங்க வேண்டும். இணைப்புப் பல்கலைக்கழகமும் மாறிக்கொண்டே இருந்தது: முதலில் சென்னை, 1966க்குப் பிறகு மதுரை, 1990க்குப் பிறகு திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார். மூன்று பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிய மூன்று தலைமுறை ஆசிரியர்கள் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து டீ குடித்த காலத்தில் நான் வேலை பார்த்தேன்.

வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள், மானாவாரிச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். ஆசிரியர்களில், அலுவலகத்தில் இருப்பவர்களில் பலரும் அதே வீடுகளிலிருந்து ஒரு தலைமுறை முன்னால் படித்து வந்தவர்கள்தான். அப்படி ஒரு வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருவர் கல்லூரி வேலைக்கு வந்தால், செய்திமடலில் வரும் இரண்டு வரியைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வரியில் பெயர் தப்பாக இருந்தால், வருகிறவர் போகிறவர் கண்ணில் அந்தத் தப்பும் சேர்ந்தே தொங்கும். இந்த வேலையில் முதல் கவனம் பெயருக்கு என்று நான் வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பெயர் சுலபமான விஷயம் இல்லை. கோவில்பட்டி அம்பாள் செண்பகவல்லி. ஆகவே எங்கள் வளாகத்தில் செண்பகவல்லிகளும் செண்பகராஜ்களும் எந்தக் காலத்திலும் ஒன்றுக்கு மேல் இருப்பார்கள். கழுகுமலை முருகனால் கழுகாசலங்களும் சண்முகத்தாய்களும். மாரியப்பனையும் கருப்பசாமியையும் சொல்லவே வேண்டாம். முன்னெழுத்தும் துறையும் சேர்த்து எழுதினால்தான் ஆள் யாரென்று தெரியும். அந்த முன்னெழுத்திலும் சிக்கல் உண்டு. அலுவலகப் பட்டியலில் ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்று ஓர் எழுத்து இருக்கும். அது சண்முகமா, சுப்பையாவா, செல்லையாவா, ஸ்டீபனா என்று கேட்காமல் தமிழில் எழுத முடியாது. நான் கேட்டேன். “ஒங்க அப்பா பேரு என்ன சார்?” என்று தொடங்கினால் பேச்சு அப்பாவைப் பற்றிப் போகும். எந்த ஊர், எத்தனை குறுக்கம் கரிசல், எந்தப் பஞ்சத்தில் மாட்டை விற்றார், எதை அடகு வைத்துப் படிக்கவைத்தார் என்று மனிதர்கள் சொல்லுவார்கள். 2021 இறுதியில் தமிழக அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டபோது எங்கள் மடலுக்குப் புதிதாகச் செய்ய எதுவும் இருக்கவில்லை.

ஆரம்ப இதழ்கள் சைக்ளோஸ்டைல். ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, மை தடவி, உருளையைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு எழுத்துத் தப்பினால் சிவப்புத் திரவத்தைத் தடவி, காயவைத்து, அதன்மேல் மறுபடி தட்ட வேண்டும். பிறகு கோவில்பட்டியில் ஒரு டிரெடில் அச்சகம். அங்கே கம்போசிங் செய்த அண்ணாச்சி ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிப்பார். ‘முனைவர்’ என்பதை நான் அடிக்கடி எழுதத் தொடங்கிய பிறகு, அந்த நான்கு எழுத்தையும் சேர்த்துக் கட்டி ஒரு ஓரமாக வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் கோக்க வேண்டாமே என்று. அதன்பிறகு சிவகாசி ஆஃப்செட். கணினி வந்ததும் டி.டி.பி. சென்டர், பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. அந்தக் காலத்துக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுவதற்கு மென்பொருள் உண்டு. ஆனால் கோப்பு இருந்த ஃபிளாப்பியே போய்விட்டால் என்ன செய்வது? சைக்ளோஸ்டைல் தாள் பழுப்பேறி இன்றைக்கும் வாசிக்க முடிகிறது. ஆகவே எந்தக் காலத்திலும் மூன்று பிரதியைத் தாளில் எடுத்து நூலகத்தில் பைண்டு செய்து வைக்கச் சொன்னேன். இதற்காக முதல்வர் அறைக்கு நடந்த நடை வீண் போகவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பணியாளர் என்றால் யார்?

ஓர் உதவிபெறும் கல்லூரியில் பல வகை மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள். அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், அலுவலர்கள். அவர்களுக்குப் பணிப்பதிவேடு உண்டு. சேர்ந்த நாள், இன்கிரிமென்ட், விடுப்பு, ஓய்வு எல்லாம் அதில் ஏறும். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தில் அவர்களுக்கென்று கோப்பு இருக்கும். அடுத்து, நிர்வாகம் சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள். அடுத்து, மணிக்கணக்கில் வந்துபோகும் பகுதிநேர ஆசிரியர்கள். யு.ஜி.சி.யின் எஃப்.ஐ.பி. திட்டத்தில் ஒருவர் பிஎச்.டி. முடிக்க விடுப்பில் போனால் அவர் இடத்துக்கு வரும் பதிலி ஆசிரியர். ஆய்வக உதவியாளர், அட்டெண்டர், தோட்டக்காரர், பேருந்து ஓட்டுநர், விடுதிச் சமையல்காரர், துப்புரவுப் பணி செய்யும் அக்காமார், இரவுக் காவலர். வளாகத்தில் முக்கால்வாசி வேலையை நடத்துகிறவர்கள் இந்தப் பின்வரிசைக்காரர்கள். அவர்களுக்குச் சம்பள வவுச்சர் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. அதற்கு மேல் எழுத்தில் எதுவும் இல்லை.

நான் பொறுப்பேற்கும்முன் நான்காம் பக்கத்தில் வந்தவர்கள் முதல் வகையினர் மட்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படி வைக்கவில்லை. துறைத்தலைவர்கள் எழுதிக் கொடுப்பதைப் போடுவது வழக்கம். துறைத்தலைவர் தன் துறை நிரந்தர ஆசிரியர்களைப் பற்றி எழுதிக் கொடுப்பார். துப்புரவுப் பணி செய்பவருக்குத் துறைத்தலைவர் யார்?

முதலில் இரவுக் காவலரைப் பற்றி எழுதினேன். வயதாகி வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். சேர்ந்த ஆண்டு அவருக்கே சரியாக நினைவில்லை. “அந்தப் பெரிய கட்டடத்துக்கு வானம் தோண்டுனாங்கல்ல மேடம், அன்னைக்கு ராத்திரி சாமானுக்குக் காவலுக்கு வந்தேன். அப்படியே இருந்துட்டேன்” என்றார். கட்டடத்தின் அடிக்கல்லைப் பார்த்து ஆண்டைக் கண்டுபிடித்தோம். முன்னெழுத்தோடு பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, எந்த வாசலில் இருந்தார், எந்த நாளோடு விடைபெறுகிறார் என்று நான்கு வரி. துறைத்தலைவர் ஒருவரின் ஓய்வுச் செய்திக்கு எவ்வளவு இடம் கொடுப்பேனோ அதே இடம், அதே அளவு எழுத்து. சிலருக்கு அது வித்தியாசமாகப் பட்டது. ஒரு மூத்த பேராசிரியர் மட்டும் ஓய்வறைக்கு வந்து, “இத்தனை வருஷம் கேட்டைத் திறந்துவிட்டவர் பேரை இன்னைக்குத்தாம்மா தெரிஞ்சுக்கிட்டேன்” என்று சொல்லிப் போனார். அதன்பிறகு அந்தப் பக்கத்தை நான் வேறு விதமாகச் செய்யவில்லை.

தற்காலிக ஆசிரியர் விஷயத்தில் எனக்கு வாதாட வேண்டியிருந்தது. ஓர் ஆண்டு வருவார், போவார், இவர்களையெல்லாம் போட்டால் பக்கம் போதாது என்பார்கள். அப்போது நான் எடுத்துச் சொன்னது எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி 1904 ஆகஸ்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அரசஞ்சண்முகனார் விடுப்பில் போன இடத்துக்கு வந்த தற்காலிக வேலை அது. நவம்பரில் முடிந்தது. அங்கிருந்து சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். மூன்று மாதத்துக்குச் சற்று மேல் இருந்த அந்தப் பதிலி ஆசிரியரின் பெயரால்தான் அந்தப் பள்ளியை இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அவர் எந்த மாதம் வந்தார், எந்த மாதம் போனார் என்பது இன்றைக்கு நமக்கு எவ்வளவு முக்கியமாக இருக்கிறது! விடுப்புக்கு வந்த ஆள்தானே என்று 1904-இல் யாரும் நினைத்திருக்கலாம். எங்கள் கல்லூரிக்கு எஃப்.ஐ.பி. பதிலியாக வந்த பிள்ளைகளில் யார் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் எழுதினேன். வந்த நாளும் போன நாளும் சேர்த்து.

இன்னொரு உதாரணமும் எங்களுக்கு அருகிலேயே இருந்தது. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் வழக்காற்றுக்காகச் சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லாமல் ஒரு பணி நியமனச் செய்தி. எங்கள் ஓய்வறையில் அதைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். பெயருக்குப் பின்னால் வால்போல் நீளும் பட்டங்களைக் குறைத்து, அந்த இடத்தில் அந்த மனிதர் செய்த வேலையை ஒரு வரி எழுதலாம் என்று எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தப் பேச்சுதான்.

வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கௌரவ ஆசிரியர்களுக்குக் கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எங்கள் பக்கத்துச் சுயநிதிப் பிரிவுகளில் அந்தத் தொகையைக் கையில் வாங்கியவர்களை நான் அறியேன். சம்பளத்தை என்னால் மாற்ற முடியாது. பெயரைச் சரியாக எழுத என்னால் முடியும், அதைச் செய்தேன்.

கல்லூரி இதழ் என்பது உள்வட்டத்துச் சமாச்சாரம், அதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் 1883-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை அது அச்சிட்டது. லண்டனிலிருந்து அதை விசாரிக்க ஆள் வந்தார். ஒரு கல்லூரி இதழுக்கு அந்த அளவுக்குக் கை நீளும். எங்கள் நான்கு பக்க மடல் லண்டனுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. கடம்பூருக்கும் பசுவந்தனைக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்தால் எனக்குப் போதும்.

வளாகச் செய்திகளில் மண்ணுக்குப் பெரிய பங்கு. வேறு ஊர்க் கல்லூரி மடல்களில் ‘புதிய கட்டடம் திறக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு தடவைதான் செய்தி வரும். கரிசலில் அதற்குப் பின்கதை இருக்கிறது. இந்த மண் ஈரம் கண்டால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரை உறிஞ்சி விரிவதால் வருகிற குணம் அது. வருடாவருடம் மண் இப்படி மூச்சு விடுவதால், மேலாக அஸ்திவாரம் போட்ட சுவர் கீறிவிடும். கரிசலை முழுக்க அள்ளி எறிந்து, கீழே சரளை கண்ட பிறகு, சரளையே போட்டு நிரப்பித்தான் கட்ட வேண்டும். எங்கள் சுற்றுச்சுவர் செய்தி அந்த மடலில் எத்தனை வருடம் ஓடியது! கட்டினார்கள், கீறியது, ஒட்டினார்கள், சாய்ந்தது, இடித்துக் கட்டினார்கள். கட்டட மேஸ்திரி ஒருவரிடம் கேட்டு ‘நம் சுவர் ஏன் கீறுகிறது’ என்று அரைப்பக்கம் எழுதினேன். வேதியியல் ஆசிரியர் அதில் களிமண்ணின் கட்டமைப்பைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். சுற்றுச்சுவர் பராமரிப்புச் செய்தி யாருமே படிக்காத வகைச் செய்தி; அந்த இதழை மாணவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள்.

காற்றும் அப்படி. ஆனி, ஆடியில் கயத்தாற்றுப் பக்கம் காற்று பேச விடாது. காற்றாலைகளைச் சோதித்துச் சான்று தருகிற தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றில்தான் இருக்கிறது. டென்மார்க்கின் டானிடா உதவியோடு அமைந்தது. இயற்பியல் துறை அங்கே மாணவர்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம் ‘களப்பயணம் மேற்கொண்டனர்’ என்று ஒரு வரி வரும். அந்த வரியை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கே எதைப் பார்த்தீர்கள், இறக்கை எவ்வளவு நீளம், யார் என்ன கேள்வி கேட்டார் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்வேன். அக்டோபர் 16 கட்டபொம்மன் நினைவு நாளும் அப்படித்தான். 1799-இல் அவர் தூக்கிலிடப்பட்டது எங்கள் ஊரில். ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போய் மாலை போடுவார்கள். ஆண்டுதோறும் அதே வாக்கியம். போகிற மாணவர்களிடம், நினைவிடத்தில் ஒரு கயத்தாற்றுப் பெரியவரிடம் பேசிவிட்டு வரச் சொன்னேன். அந்த வழியாகப் போகிறவர்கள் முன்காலத்தில் ஒரு கல்லை எடுத்துப் போட்டுக் கும்பிட்டுப் போவார்கள் என்று ஒருவர் சொன்னது அப்படித்தான் எங்கள் மடலுக்கு வந்தது.

நாக் வந்த பிறகு இந்த எழுத்துக்கு ஆபத்து வந்தது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் 1994-இலேயே பெங்களூரில் அமைந்துவிட்டது. ஆனால் 2017-இல் புதிய மதிப்பீட்டு முறை வந்து, ஏழு அளவுகோல்களுக்கும் ஆவணங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றானதும் எங்கள் மடல் ஓர் ஆதாரப் பத்திரமாக மாறிவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் தேதி, தலைப்பு, சிறப்பு விருந்தினர், பயன்பெற்றோர் எண்ணிக்கை, ஜியோ டேக் படம். ‘பத்தாயிரம் ரூபாய் செலவில் மரக்கன்று’ என்ற செய்தியில் என்ன மரம் என்று இருக்காது; அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். தர மதிப்பீடு வேண்டியதுதான். நல்ல கிரேடு கிடைத்தால் அப்போது நிதி வந்தது, தன்னாட்சிக்கு வழி பிறந்தது. நான் அதை எதிர்க்கவில்லை. பெங்களூருக்கு எழுதுவதையும் பக்கத்து அறைக்கு எழுதுவதையும் பிரித்து வைக்கச் சொன்னேன். பக்கத்து அறையில் இருப்பவருக்கு நாம் எத்தனையாவது அளவுகோலில் வருகிறோம் என்பது வேண்டாம். விடுதிச் சமையல் அண்ணாச்சிக்கு ஆஞ்சியோ நடந்திருக்கிறது, திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது வேண்டும். கடைசியில், தர உறுதிக் குழுவுக்குத் தனி அறிக்கை, மனிதர்களுக்குப் பழைய நான்கு பக்கம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

2020 மே மாதத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி வீட்டிலிருந்தபடியே எழுதி முடித்திருந்தேன். ஊரடங்கு, விழாவும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது என்பதால் கூடுதல் அக்கறையோடு எழுதினேன். அதற்குள் தமிழக அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் 60 ஆனது. இரண்டு மே மாதங்களில் உதவிபெறும் பிரிவில் யாருமே ஓய்வு பெறவில்லை. அதே இரண்டு ஆண்டுகளில் சுயநிதிப் பிரிவிலிருந்து எத்தனையோ பேர் சத்தமில்லாமல் போனார்கள். சம்பளம் குறைந்தது, பாதியானது, நின்றது. ஒருவர் ஊரில் மளிகைக் கடை வைத்தார், ஒருவர் மக்காச்சோளம் போட்டார். அவர்கள் யாரும் விடைபெற்றுக்கொள்ள வளாகத்துக்கு வரக்கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கேட்டு, ‘விடைபெற்றவர்கள்’ என்ற தலைப்பில் எழுதினேன். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற வழக்கமான சொற்களை அந்த இதழில் நான் பயன்படுத்தவில்லை. அவரவர் என்ன பாடம் நடத்தினார் என்பதை மட்டும் எழுதினேன்.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் செய்திமடலே இரங்கல் மடலாக ஆனது. இரங்கல் குறிப்பு எழுதுவதற்கு எனக்கென்று சில பழக்கங்கள் உண்டு. ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்று எழுத மாட்டேன். எல்லாருக்கும் அதே வரி என்றால் யாருக்கும் அது இல்லை. அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தவரிடம், ஒரே ஆய்வகத்தில் நின்றவரிடம் கேட்பேன். வீட்டாரிடம் கேட்பதைப் பத்து நாள் தள்ளி வைப்பேன். ஆய்வக உதவியாளர் ஒருவர் போனபோது, “உடைஞ்ச பியூரெட்டுக்கு எங்ககிட்ட ஃபைன் வாங்காம அவரே கணக்கைச் சரிக்கட்டிருவாரு மேம்” என்று ஒரு மாணவி போனில் அழுதாள். அதுதான் குறிப்பின் முதல் வரி. அந்த மாதம் 17-ஆம் தேதி புதுச்சேரியில் கி.ரா. காலமானார், இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பக்கத்து ஊரில் இருந்தும் எங்களில் பலரால் போக முடியவில்லை. அவர் எங்கள் பணியாளர் இல்லை. இருந்தும் அவரைப் பற்றிய குறிப்பை நான்காம் பக்கத்தில்தான் போட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியில் 50 சென்டிமீட்டருக்கு மேல். ஓர் ஆண்டு முழுவதும் 700 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற மண்ணில் இது நடந்தது. பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. கல்லூரிப் பேருந்தின் சக்கரம் கரிசலில் அச்சுவரை இறங்கி நின்றது. விடுதியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இருந்த அரிசியையும் பருப்பையும் வைத்துக் கஞ்சி காய்ச்சிப் போட்ட சமையல் அக்காவுக்கு, தன் வீட்டில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று மறுநாள்தான் தெரிந்தது. அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மடலை எடுத்துக்கொண்ட இளைய ஆசிரியை அந்த இதழைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் சமையல் அக்காவின் பெயர், முன்னெழுத்தோடு. நிவாரண நிதி கொடுத்தவர்களின் படம் உள்ளே மூன்றாம் பக்கத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் கணிதத்துறையில் சுயநிதிப் பிரிவில் இருந்து போன ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் உதவிப் பேராசிரியர் தேர்வில் கற்பித்தல் அனுபவத்துக்கு அப்போது ஆண்டுக்கு இரண்டு மதிப்பெண், அதிகபட்சம் 15 என்று இருந்தது. அனுபவச் சான்றில் இணை இயக்குநர் அலுவலகம் மேலொப்பம் இட வேண்டியிருந்தது. அதற்குச் சம்பளப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் காட்ட வேண்டியிருந்தது. அவர் இடையில் வேலை பார்த்த இன்னொரு கல்லூரியில் பழைய பதிவேடு கிடைக்கவே இல்லை. அந்த ஆண்டுகள் போயே போயின. எங்கள் கல்லூரியில் பதிவேடுகள் இருந்தன. ஆனால் சாக்கு மூட்டையில், ஆண்டு கலந்து கிடந்தன. எந்த மாதம் சேர்ந்தார் என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஜூனிலா, செமஸ்டர் நடுவிலா? நூலகத்துக்குப் போய்ப் பைண்டு தொகுதியை எடுத்தோம். நான்காம் பக்கத்தில் அவர் பெயர், அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து, எட்டயபுரம் வழி ஒரு சிற்றூரின் பெயர், சேர்ந்த தேதி. மேலொப்பத்துக்கு அந்த மடல் செல்லாது. ஆனால் எந்த மாதத்துப் பதிவேட்டைத் தேடுவது என்று அலுவலகத்து அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவர் பெயருக்குக் கீழே அதே மாதம் சேர்ந்த இன்னும் மூவரின் பெயர்கள் இருந்தன. தம்பி தன் போனில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, அங்கே நின்றபடியே அந்த மூவருக்கும் அனுப்பினார்.